பச்சோந்தியின் கோபம்

லராஷ்,
6 செப்டம்பர் 1998, ஞாயிறு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

யாம்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நஜ்லாவும் உங்கள் அம்மாவும் இறைவன் கிருபையில் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். வீட்டில் எல்லாம் இருக்கிறது, உங்களைத் தவிர.

போன வெள்ளிக்கிழமை போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மளிகைக் கடையில் நான் போனைக் கையில் எடுத்தாலே நாலு பேர் பருப்பு வாங்க வந்துவிடுகிறார்கள். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அவர்கள் முன்னால் "சுகம், சுகம்" என்று சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்ல? அதனால்தான் கடிதம்.

நஜ்லாவுக்கு மேல் முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "பூஷ்தா" என்று உங்கள் பேரைச் சொன்னால் காற்றுதான் வருகிறது. அடுத்த வாரம் இரண்டாம் வகுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி விடவில்லை. வைத்தியரிடம் போகலாம் என்றால், "என் மகன் வரட்டும், அப்புறம் செத்துக்கிறேன், இப்ப என்ன அவசரம்" என்கிறார். ஆலையில் இந்த மாதம் மத்தி மீன் குவிகிறது. இரண்டு ஷிஃப்ட். கையில் எலுமிச்சை தேய்த்தாலும் வாடை போகவில்லை.

இனி முக்கியமான விஷயம். நம் வீட்டுக்கு ஒரு பச்சோந்தி வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாமோ அக்காவின் அத்திமரத்தில் நஜ்லா கண்டுபிடித்தாள். பழைய கேனரிக் குருவிக் கூண்டில் போட்டுப் படுக்கையறையில் மாட்டியிருக்கிறேன். நஜ்லா அதற்குக் கர்னல் என்று பேர் வைத்திருக்கிறாள். பச்சை உடுப்பு, உருட்டும் கண், எந்நேரமும் கோபம். பேர் பொருத்தம்தான்.

ஆனால் இப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. கூண்டுக் கதவில் கை வைத்தால் போதும், உடம்பை அப்பளம் போல உப்பி, முன்னும் பின்னும் ஆடி, வாயைத் திறந்து பாம்பு மாதிரி சீறுகிறது. என் விரலில் ஒரு தடவை நன்றாகவே கடித்துவிட்டது. நான் இல்லாதபோதும் நாள் முழுக்கத் தன்பாட்டுக்குச் சீறிக்கொண்டிருக்கிறது என்று அத்தை சொல்கிறார். "இது வீட்டுக்கு ஆகாது, வெளியே போடு" என்கிறார். நஜ்லா அழுகிறாள்.

சின்ன வயதில் முலாம்பழத் தோட்டத்தில் பச்சோந்தியைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்ததாகச் சொல்வீர்களே. இதை என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பயந்து ஒதுங்கவும் மனம் வரவில்லை, தொடவும் முடியவில்லை.

பெருநாளுக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்கச் சொன்னார்.

உங்கள் யாம்னா


அல்மெரியா,
19 செப்டம்பர் 1998

அன்பு யாம்னாவுக்கு,

பூஷ்தா எழுதிக்கொள்வது. வ அலைக்குமுஸ்ஸலாம். குடைமிளகாய்ச் செடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அந்தப் புழுக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். கர்னல் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து வரிசைக்காரன் எட்டிப் பார்த்தான்.

யாம்னா, அது கோபம் இல்லை. பயம். பச்சோந்தியால் ஓட முடியாது, பறக்க முடியாது. தன்னைப் பெரிதாகக் காட்டுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வித்தை. அது சீறும்போது நீ என்ன செய்கிறாய்? மேலேயிருந்து கையை விட்டுப் பிடிக்கப் பார்த்திருப்பாய். அதைத் தின்ன வரும் பருந்தும் மேலேயிருந்துதான் வரும். இனிமேல் பிடிக்கவே பிடிக்காதே. ஒரு குச்சியைக் கீழேயிருந்து மெதுவாக அதன் முன்காலுக்கு எதிரே நீட்டிவிட்டு, நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டிரு. ஏறினால் ஏறட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு.

இன்னொன்று. கூண்டு நம் கல்யாண அலமாரிக்கு எதிரில்தானே தொங்குகிறது? பழைய ஆணி அங்கேதான் இருக்கிறது. அலமாரிக் கண்ணாடியில் தன்னையே பார்த்து, வேறு ஒன்று தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நாள் முழுக்கச் சண்டை போடுகிறது, பாவம். கண்ணாடிக்குத் துணி போடு. இல்லாவிட்டால் கூண்டை முற்றத்துப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்று. ஆள் தலைக்கு மேலே இருக்க வேண்டும், தாழ்வாக இருந்தால் அதற்கு நிம்மதி வராது. இலையோடு கிளைகளை வெட்டி உள்ளே வை, ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்காது. இலையில் தெளித்தால் சொட்டை நக்கும். வெட்டுக்கிளியைப் பிடித்து முதலில் உள்ளே விட்டுவிடு. ஒரு வாரம் போனதும் விரல் நுனியில் பிடித்துக் காட்டு. ஒருநாள் நாக்கு வரும். அதுவரைக்கும் நஜ்லா அதைத் தொடக் கூடாது என்று அப்பா சொன்னதாகச் சொல். உன் விரலை உப்புத் தண்ணீரில் கழுவினாயா?

இப்போது ஒரு வார்த்தை. தாமோ அக்கா வீட்டு அத்திமரத்தை நான் கிளம்புவதற்கு முந்தின வருஷமே வெட்டியாயிற்று. வேரைத் தோண்டி எடுத்ததே நானும் அவள் புருஷனும்தான். நம் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பச்சோந்தி எந்தக் கடையில் கிடைக்கும், எதற்காக வாங்குவாள் என்று எனக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பெருநாளுக்கு வர ஆசைதான். இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதங்கள் இன்னும் வரவில்லை. காகிதம் இல்லாமல் கிளம்பினால் திரும்ப முடியாது என்று உனக்கே தெரியும். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

என்றும் உன்
பூஷ்தா


லராஷ்,
17 அக்டோபர் 1998

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஸலாம். வீட்டில் எல்லோரும் நலம். நஜ்லாவுக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது, வளைந்துதான் வருகிறது.

அத்திமரம் என்று எழுதியது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அந்த மரம் இல்லை என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவு அவசரத்தில் எழுதிய பொய். இப்போது உள்ளதை எழுதுகிறேன். கடிதத்தில் எழுதுவது சுலபம், உங்கள் முகம் தெரிவதில்லை.

ஆகஸ்டில் தாமோ அக்காவின் கொழுந்தன் ஊருக்கு வந்திருந்தார். அவரும் உங்கள் பக்கம்தானே வேலை பார்க்கிறார். போன இலையுதிர்காலத்தில் சந்தையில் உங்களைப் பார்த்தாராம். கூட ஒரு பெண்ணாம், சிவப்புக் கோட்டாம். அவள் பைகளை நீங்கள் சுமந்துகொண்டு போனீர்களாம். அவர் கூப்பிட்டதற்கு நீங்கள் திரும்பவில்லையாம். இதைத் தாமோ அக்கா என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கோட்டின் நிறத்தை மறக்கவில்லை.

"இப்படி உள்ளுக்குள்ளயே வெந்துட்டுக் கெடக்காதடி. ஒரு பச்சோந்தி வாங்கு, நெருப்புல போடு. வெடிச்சா உன் ஆளு யோக்கியன். உருகினா நாசமாப் போனவன். அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும்" என்று கையைப் பிடித்து நாட்டு மருந்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாம்பிராணி மூட்டைக்கு மேலே கூண்டில் ஆறேழு தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர், "பெருசா, சின்னதாம்மா? சந்தேகம் பெருசுன்னா பெருசாவே எடுத்துக்க" என்றார். தாமோ அக்கா விடுவாளா? "வாயை மூடிக்கிட்டுக் கட்டிக் குடுய்யா. உன் பொண்டாட்டி உனக்காக எத்தனை வாங்கினாளோ!" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அத்தை உங்கள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். முற்றத்தில் கரி அடுப்பை மூட்டினேன். தாமோ அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். பையில் கையை விட்டு அதை எடுத்தேன். எடுத்ததும் என் சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நஜ்லா பிறந்த அன்று பிடித்தாளே, அந்தப் பிடி. நான் கையை அடுப்புக்கு மேலே நீட்டினேன். நீட்டினேன் என்பதை மறைக்கவில்லை. அனல் பட்டதும் அது கறுத்துப்போய், வாயைத் திறந்து, பிடித்த விரலையே கடித்தது. வலியில் கையை இழுத்துக்கொண்டேன்.

"போடுடி, கூறுகெட்டவளே!" என்று கத்தினாள் தாமோ அக்கா.

"போட மாட்டேன்."

"அப்ப உனக்குத் தெரிய வேணாமா?"

"தெரியணும். இதுகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம்."

அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அப்படித்தான் அது இங்கே தங்கியது. நெருப்புக்கு மேலே பிடித்தவளைக் கண்டால் அது சீறாமல் என்ன செய்யும்?

நீங்கள் சொன்னபடி கண்ணாடிக்குத் துணி போட்டேன். அன்றைக்கே பாதிச் சீற்றம் நின்றது. கூண்டை ஜன்னலுக்கு மாற்றினேன், மாதுளைக் கிளை வைத்தேன். பத்தாவது நாள் குச்சியில் ஏறியது. பன்னிரண்டாவது நாள் என் விரலிலிருந்து வெட்டுக்கிளியை எடுத்தது. நாக்கு வந்ததே தெரியவில்லை, வெட்டுக்கிளி மட்டும் காணவில்லை. நஜ்லா கைதட்டிக் குதித்தாள். அத்தைகூட, "கர்னல் சாப்பிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஐந்து நாளாக மறுபடியும் கெட்டுப்போய்விட்டது. முன்னைவிட மோசம். உடம்பெல்லாம் கறுத்துப்போய், மேலே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. வெட்டுக்கிளியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரிடமும் சீற்றம், கிளை அசைந்தால் கிளையிடமும். முன்பெல்லாம் உச்சியில் இருக்கும். இப்போது கூண்டின் தரையில் இறங்கி மூலை மூலையாகச் சுரண்டுகிறது. நேற்று நஜ்லாவின் சட்டைக்கையைக் கவ்விவிட்டது. என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை.

சிவப்புக் கோட்டைப் பற்றி நான் உங்களிடம் கேட்கிறேன். பச்சோந்தியிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

யாம்னா


அல்மெரியா,
27 அக்டோபர் 1998, செவ்வாய்

அன்பு யாம்னா,

தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும். நாளைக் காலை நம் ஊர்ப் பக்கம் கிளம்பும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன், அவர் படிக்க மாட்டார்.

முதல் பக்கத்தை மட்டும் படி. படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, சொல்வதைச் செய். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். மிச்சம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

உன் கர்னல் ஆண் இல்லை. அது வயிற்றில் முட்டையோடு இருக்கிறது. கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளி என்றால் அதுதான் அர்த்தம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. முட்டையிட மண் தேடித்தான் தரையைச் சுரண்டுகிறது. மண் கிடைக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிவைத்துச் செத்துப்போகும். பெரிய எண்ணெய் டின் ஒன்றை எடு. மணலும் தோட்டத்து மண்ணும் பாதிப் பாதி கலந்து, முழங்கை ஆழத்துக்கு நிரப்பு. கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவுக்கு ஈரம் வேண்டும், சேறாகக் கூடாது. நடுவில் ஒரு குச்சியை நட்டு, குச்சியைப் பிடித்து இறங்க விடு. சுற்றிலும் துணியால் மறைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போங்கள். யாராவது பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடும். ஒருநாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். நஜ்லாவை எட்டிப் பார்க்க விடாதே. சீறினால் சீறட்டும், இப்போது அதைச் சமாதானப்படுத்தப் போகாதே.

போ, யாம்னா. செய்துவிட்டு வா.


இனி மிச்சம்.

தாமோ அக்காவின் கொழுந்தன் பார்த்தது என்னைத்தான். அவர் கூப்பிட்டதும் எனக்குக் கேட்டது.

போன வருஷம் ஏப்ரலில் கூடாரத்தின் மேல்கம்பியில் பிளாஸ்டிக் மாற்றும்போது கீழே விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. உனக்கு எழுதவில்லை. நீ அழுவாய் என்று எழுதவில்லை. எட்டுப் பேர் தங்கிய அறை அது, காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை. காய்கறி அடுக்கும் கொட்டகையில் வேலை பார்க்கும் என்கார்னா என்ற பெண், விதவை, தன் வீட்டுப் பின்னறையில் இடம் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. கூடிய பிறகும் ஏழு மாதம் அங்கே இருந்தேன். அந்த ஏழு மாதத்துக்கு எலும்பின் மேல் பழி போட முடியாது. பின்னறையில்தான் இருந்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

அவள் என்னை மயக்கவில்லை. உன்னைப் பற்றி அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் மேல் கோபப்படாதே, அவ்வளவையும் என்மேல் படு.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை போனில் நஜ்லா பேசினாள். "அப்பா, உங்க வீட்டுல ரொட்டி யாரு சுடுறாங்க?" என்றாள். "கடையில வாங்குறேன் கண்ணு" என்றேன். அன்று காலை அந்த வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். குழந்தையிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போன் கூண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் சாமான்களை எடுத்துக்கொண்டு பழைய அறைக்கே திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் அவள் வாசலை நான் மிதிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காகிதங்கள் மார்ச் மாதமே கைக்கு வந்துவிட்டன. கோடையில் நான் வந்திருக்கலாம். வராததற்குக் காகிதம் காரணமில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். அந்தப் பொய்யைப் போன கடிதத்தில்கூட எழுதினேன். எது பெரிய பாவம் என்று நீயே எடைபோடு. என் கணக்கில் இந்த இரண்டாவதுதான்.

நீ நெருப்பில் போட்டிருந்தால் அது வெடித்திருக்குமோ உருகியிருக்குமோ தெரியாது. எப்படி ஆகியிருந்தாலும் அது சொல்வது உண்மையாக இருந்திருக்காது. உண்மை என்னிடம் இருந்தது. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். இவ்வளவுக்குப் பிறகு அதை உன்முன் வைக்கக் கூச்சமாக இருக்கிறது, கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்த இடம் உனக்குத் தெரியும்.

பூஷ்தா


லராஷ்,
7 நவம்பர் 1998

பூஷ்தா,

மண் வைத்தேன். ஒன்றரை நாள் தோண்டியது. முட்டை போட்டுவிட்டு, அதுவே மண்ணைத் தள்ளி மூடியது.

வெள்ளிக்கிழமைகளில் கடைக்குப் போன் பண்ணாதே. நஜ்லாவிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் பொய் வரும்.

நான் எழுதும்வரை நீ எழுதாதே.

யாம்னா


லராஷ்,
29 நவம்பர் 1998, ஞாயிறு

நஜ்லாவின் அப்பாவுக்கு,

ஸலாம். மேலே என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். வீட்டுக்காரர் என்று எழுதக் கை வரவில்லை. வெறும் பேர் எழுதவும் இந்தத் தடவை மனம் வரவில்லை. இது ஒன்றுதான் எப்படிப் பார்த்தாலும் மாறாது.

நீங்கள் எழுதாமல் இருந்ததற்கு நன்றி. எழுதுவீர்கள் என்று நினைத்தேன். தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதெல்லாம், வந்தால் கிழித்துப் போட வேண்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். வரவில்லை. வரவில்லை என்றும் கோபம் வந்தது. இப்படித்தான் இந்த மாதம் போனது.

முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முட்டை போட்ட பிறகு அது காய்ந்த இலை போல ஆகிவிட்டது. கூண்டின் அடியில் கண்ணை மூடிக்கிடந்தது. சீறக்கூடத் தெம்பில்லை. அப்போதுதான் எனக்கு அதன் சீற்றம் எவ்வளவு பிடித்துப்போயிருந்தது என்று தெரிந்தது. உங்களிடம் கேட்க முடியாது, நான்தானே எழுதாதே என்றேன். நானாகவே செய்தேன். பஞ்சில் தண்ணீரை நனைத்து வாயோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். ஆலையில் ஒரு ஷிஃப்டை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. ஐந்தாம் நாள் ஒரு ஈயைத் தின்றது. நஜ்லா அதைக் கர்னலம்மா என்று மாற்றிவிட்டாள். இப்போது என் கைமேல் ஏறி முழங்கை வரைக்கும் நடக்கிறது. தாமோ அக்காவைக் கண்டால் மட்டும் இன்னும் உப்புகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

தாமோ அக்கா போன வாரம் தேநீருக்கு வந்திருந்தாள். "என்னடி, கடைசியில நெருப்புல போட்டியா இல்லியா? ஊரே கேக்குது" என்றாள்.

"போடலக்கா. அவரையே கேட்டேன்."

"ஆம்பளையையா! கேட்டா என்ன சொல்லுவான், இல்லேன்னுதான் சொல்லுவான்."

"ஆமான்னு சொன்னாரு."

அவள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாக, "நான் இதுவரைக்கும் நாலு போட்டிருக்கேன். நாலும் வெடிச்சுது. அந்த மனுஷனை ஒருதரம்கூடக் கேட்டதில்ல" என்றாள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். அவள்மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னை விடவில்லை. "என் மகன் என்ன பண்ணினான்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு மூணு வெள்ளிக்கிழமையா குஸ்குஸ்ல உப்பு இல்லாம இருக்காது" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் காரணம் கேட்காமல் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வரட்டும் அவன், காலை ஒடிக்கிறேன்" என்றார். முழங்கால் வலி உள்ளவர்தான், ஆனாலும் சொன்னால் செய்துவிடுவார். தைலத்தை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

நேற்று மதியம் நல்ல வெயில். நானும் நஜ்லாவுமாகக் கர்னலம்மாவை ஆற்றுக்கு அக்கரையில் புதர்க்காட்டுக்கு எடுத்துப்போய் விட்டோம். குளிர் இறுகுவதற்குள் அது தனக்கு ஒரு பொந்து தேடிக்கொள்ள வேண்டும். நஜ்லா வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "நம்மளப் புடிக்கலியாம்மா அதுக்கு?" என்றாள். "புடிக்கும். ஆனா அதுவா விரும்பி இங்க வரலியே" என்றேன். கிளையில் விட்டதும் கொஞ்ச நேரம் என் விரலை விடவில்லை. அப்புறம் விட்டது. இரண்டு எட்டு வைத்ததும் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எண்ணெய் டின் முற்றத்து நிழலில் இருக்கிறது. நஜ்லா யாரையும் அதன் பக்கம் விடுவதில்லை.

இனி உங்களுக்கு.

சிவப்புக் கோட்டை நான் ஆகஸ்டிலிருந்தே நினைத்து நினைத்துப் பழகிவிட்டேன். அது கூர் மழுங்கிவிட்டது. எனக்குப் பழகாதது அந்த எலும்பு. உங்கள் உடம்பில் ஒரு எலும்பு முறிந்து, அது எனக்குத் தெரியாமலே கூடியும்விட்டது. அந்த ஏப்ரலில்தான் நான் ஊறுகாய் எலுமிச்சை ஒரு ஜாடி கொடுத்தனுப்பினேன். "வந்து சேர்ந்தது, ருசி அபாரம்" என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கையால் எழுதினீர்கள்? நீ அழுவாய் என்று எழுதவில்லை என்கிறீர்கள். நான் அழுதிருப்பேன்தான். அழுதுவிட்டு அத்தையிடம் குழந்தையை விட்டு, யார் காலையாவது பிடித்துக் கப்பலேறி வந்திருப்பேன். வர முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் முயன்றிருப்பேன். அந்த முயற்சியை நீங்கள் என்னிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவள் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதற்காக அவளைத் திட்ட என்னால் முடியவில்லை. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மன்னித்தேன் என்று இதில் எழுதவில்லை. தேடாதீர்கள். அடித்த இடமும் இல்லை.

ஆனால் நீங்கள் சொன்னது எனக்குள் ஒன்றைச் செய்திருக்கிறது. ஆகஸ்டிலிருந்து நான் வீட்டில் எல்லோரிடமும் சீறிக்கொண்டிருந்தேன். நஜ்லா தட்டைத் தவறவிட்டால் சீற்றம், அத்தை ரேடியோ வைத்தால் சீற்றம். உங்கள் கடிதம் வந்த பிறகு அழுகைதான், சீற்றம் இல்லை. எது நல்லது என்று தெரியவில்லை. குழந்தைக்கு இது நல்லதாக இருக்கிறது.

டிசம்பர் 17 வியாழக்கிழமை. நோன்பு தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும். அன்று வாருங்கள். டான்ஜியரிலிருந்து வரும் பஸ் நான்கு மணிக்கு இங்கே நிற்கிறது. அத்தையை அன்று உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நஜ்லாவுக்குப் பள்ளி ஐந்து மணிக்குத்தான் முடியும். அவளிடம் நீங்கள் வருவதைச் சொல்லப் போவதில்லை.

நான்கிலிருந்து ஐந்து வரை வீட்டில் நான் மட்டும் இருப்பேன். நீங்கள் எழுதியதையெல்லாம் என் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். கடிதத்தில் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கத்தலாம். கையில் கிடைத்ததை எறியலாம். ஒன்றும் சொல்லாமல் அந்தத் தோள்பட்டையைத் தொட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் நீங்கள் எழுந்து போகக் கூடாது.

ஐந்து மணிக்கு நஜ்லா வந்துவிடுவாள். அப்புறம் அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவள் முன்னால் நாம் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். அதற்கப்புறம் நோன்பு முப்பது நாளும் நீங்கள் அத்தையின் அறையில் படுத்துக்கொள்ளுங்கள். பெருநாளன்று நான் ஒரு முடிவு சொல்கிறேன்.

பரிசு ஒன்றும் வேண்டாம். நஜ்லாவுக்கு மட்டும் ஒரு ஜோடி பூட்ஸ், மழைக்கு ஆகிறதாக. அவள் கால் இப்போது இருபத்தொன்பதாம் அளவு. நீங்கள் மனதில் வைத்திருப்பது பழைய அளவாக இருக்கும்.

மழைக்காலமாக இருப்பதால் அந்தப் பஸ் சில நாட்களில் தாமதமாகிறது. தாமதமானால் நமக்கிருக்கும் ஒரு மணி நேரம் குறைந்துபோகும். முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள்.

யாம்னா